கனடாவில் இருந்து வந்த அன்லொக் போனில் சிம் எடுக்குதில்லை, அவசரம்

முள்ளியவளைப் பெடியன்: வணக்கம். மாமா கனடாவில் இருந்து வரும்போது அன்லொக் போன் ஒன்று கொண்டு வந்து தந்தார். எந்தக் கம்பனி சிம்மும் வேலை செய்யும் என்று சொல்லித்தான் தந்தார். சிம் போட்டால் எடுக்குதில்லை. வெள்ளிக்கிழமை அவர் திரும்பிப் போகிறார், அதற்குள் சரிக்கட்ட வேண்டும். கெதியாகச் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி: என்ன போன்? என்ன சிம்? திரையில் என்ன வருகிறது?

குளக்கட்டு: முள்ளியவளையில் எந்தப் பக்கம்? காட்டுக்கரை என்றால் சிக்னல்தான் பிரச்சினை. வெளிநாட்டுப் போன்களில் எங்களுடைய பாண்ட், அதாவது இங்கே டவர்கள் பாவிக்கும் அலைவரிசை, எல்லாம் இருக்காது. 900 மெகாஹேர்ட்ஸ் இல்லாத போனை வன்னியில் வைத்திருந்து பிரயோசனம் இல்லை. 1800 அவ்வளவு தூரம் வராது, வயல் பக்கம் இறங்கினால் போய்விடும்.

மல்லாவி மின்னல்: ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள இலக்கம், பதியாத போனாக இருக்கும். *#06# அடித்தால் 15 இலக்கம் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை வேறு போனில் இருந்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பழைய கை: தம்பி, கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது. போனின் பெயர்கூட எழுதாமல் கெதியாகச் சொல் என்றால், நாங்கள் சாத்திரம் பார்த்தா சொல்வது? கனடாவில் 2017 டிசம்பர் 1 இல் இருந்து கம்பனிகள் லொக் பண்ணின, அதாவது வேறு கம்பனி சிம் எடுக்காதபடி பூட்டின, போன் விற்கக் கூடாது. பழைய போனையும் கேட்டால் காசு வாங்காமல் திறந்து கொடுக்க வேண்டும். ஆகவே லொக் என்ற கதைக்கே இடமில்லை. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். இதெல்லாம் இங்கே எத்தனையோ தரம் எழுதியாகிவிட்டது.

முள்ளியவளைப் பெடியன்: ஐபோன் 11. டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்றும் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றுக்கும் "சிம் நொட் சப்போட்டட்" என்றே வருகிறது. முல்லைத்தீவு டவுனிலும் அதேதான். ஒரு கடையில் 6000 ரூபா தந்தால் செய்து தருவோம் என்கிறார்கள்.

பரந்தன் சந்தி: இதை முதலே எழுதியிருக்கலாம். இது சிக்னலும் இல்லை, பதிவும் இல்லை. அந்த வசனம் போன் தானாகச் சொல்வது, விஷயம் டவர் வரைக்கும் போகவே இல்லை. குளக்கட்டு அண்ணை, ஐபோன் 11 இல் 900, 1800 இரண்டும் இருக்கு. தம்பி, செற்றிங்ஸ், ஜெனரல், எபவுட் போய்க் கீழே கேரியர் லொக் என்ற வரியைப் பாருங்கள். "நோ சிம் றெஸ்ரிக்ஷன்ஸ்" என்றிருந்தால்தான் எல்லாக் கம்பனிக்கும் திறந்த போன். அதே பக்கத்தில் மொடல் நம்பர் எந்த எழுத்தில் முடிகிறது?

முள்ளியவளைப் பெடியன்: சிம் லொக்ட் என்று இருக்கு. எல்எல்/ஏ.

பரந்தன் சந்தி: அப்ப அது அமெரிக்காவில் விற்ற போன். கனடாப் போன் விசி/ஏ என்று முடியும். மாமா ஆரோ பாவித்த போனை வாங்கியிருப்பார். கனடாச் சட்டம் இதற்குச் செல்லாது. அமெரிக்காவில் பல கம்பனிகள் தவணைக் காசு கட்டி முடியும்வரை போனைப் பூட்டியே வைத்திருக்கும். ரீசெற் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். பூட்டு அப்பிளின் பதிவில் இருக்கிறது, முதல் விற்ற கம்பனி விட்டால்தான் கழரும். விட்டபிறகு வேறு சிம் போட்டு வைஃபையில் இணைத்தால் போதும்.

மல்லாவி மின்னல்: கடையில் சிம்மோடு சேர்த்து மெல்லிய சிப் ஒன்று வைப்பார்கள். தங்கச்சியின் போன் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய கை: அது அன்லொக் இல்லை, போனை ஏமாற்றுவது. ஒரு அப்டேட்டோடு நிற்கலாம்.

மல்லாவி மின்னல்: அப்டேட் போடாமல் விட்டால் சரிதானே. புதுப் போன் வாங்க எல்லோரிடமும் காசு இருக்கா?

பழைய கை: அப்டேட் போடாத போனில் வங்கிக் கணக்கும் வைத்திருப்பீர்கள். பிறகு காசு போய்விட்டது என்று இங்கேதான் வந்து கேட்பீர்கள்.

குளக்கட்டு: போன் எதுவானாலும் 900 பற்றி நான் சொன்னது சரி. நெடுங்கேணிப் பக்கம் வந்து பாருங்கள்.

பரந்தன் சந்தி: அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணை. தம்பி, கடைக்குக் காசு கொடுக்காதீர்கள். முதலில் எந்தக் கம்பனி விற்றது, காசு கட்டி முடிந்ததா என்று மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

முள்ளியவளைப் பெடியன்: மாமா விற்ற ஆளோடு கதைத்தார். பாதிக் காசுதான் கட்டியிருக்காம். போனைத் திருப்பிக் கொண்டு போகிறார். நன்றி அண்ணா.

மல்லாவி மின்னல்: விற்ற ஆள் காசைத் திருப்பித் தருவாரா?