கருப்புக் கோடு போட்டால் ஓவியத் தொழிலே கிடைக்காதாம்

மைக்கூடு:
சிறுவர் நூல்களுக்குக் கதைமாந்தர்களை வடிவமைப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் புதுத்தூரிகை, தம் மாதிரித் தொகுப்பை இங்கே வைத்துக் கருத்துக் கேட்டிருந்தார். "இயற்கையில் கருப்பு இல்லை, உருவங்களைக் கருப்புக் கோட்டால் வளைப்பவருக்கு எந்தப் பதிப்பகமும் வேலை தராது" என்று வண்ணத்தட்டு அதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த எரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரே சிறுமியை முன், பக்க, பின் தோற்றங்களில் அளவு பிசகாமல் வரைந்திருப்பதைப் பற்றியோ, முகம் தெரியாத நிழலுருவிலும் ஒவ்வொரு பாத்திரமும் இன்னார் என்று விளங்குவதைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே 1872இல் சக ஓவியர் பெர்த் மொரிஸோவைக் கருப்பு உடையில் தீட்டிய ஓவியத்தை அவர் பார்த்ததுண்டா? பழைய டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸிடம் இருபத்தேழு கருப்புகளாவது இருந்தன என்று வான்கோ 1885இல் தம் தம்பிக்கு வியந்து எழுதினார். அவர்களையும் வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கிவிடலாமா?

வண்ணத்தட்டு:
மனேயையும் ஹால்ஸையும் அழைத்து வந்து ஒரு தொடக்கநிலை ஓவியரின் பின்னால் நிறுத்துவது உங்களுக்கு வழக்கமான உத்திதான். பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1905இல் தாம் பயன்படுத்தும் நிறங்களைக் கடிதத்தில் வரிசைப்படுத்தியபோது வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை ஆகியவை இருந்தன, கருப்பு இல்லை. நிழலுக்குள்ளும் நிறம் உண்டு என்பதைக் கண் பழகாதவர்களே கருப்பை எடுக்கிறார்கள். கோடு வேண்டுமென்றாலும் ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் பேரலை என்ற அச்சுப்படத்தைப் பாருங்கள். அதன் புறக்கோடு நீலம். நான் சொன்னதில் மாற்றமில்லை: கருப்புக் கோடு கூடாது.

மைக்கூடு:
பேரலையின் கோடு நீலம் என்பது சரி. அது இடம்பெற்ற பூஜி மலைக் காட்சிகளின் வரிசையில் முதலில் வெளிவந்த 36 படங்களோடு பின்னர் 10 படங்கள் சேர்க்கப்பட்டன என்பதையும், அந்தப் பத்தின் புறக்கோடு கருப்பு மையில் அச்சானது என்பதையும் ஏன் மறைக்கிறீர்கள்? ஒரே ஓவியர், ஒரே மலை, இரண்டு கோடுகள். நீலம் அவருக்கு ஒரு தேர்வு. கருப்பும் ஒரு தேர்வு. இயற்கையில் இல்லை என்ற வாதத்தை எடுத்தால், பொருள்களைச் சுற்றி நீலக் கோடும் இயற்கையில் இல்லை. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் நிறத்தட்டில் வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கருப்பு என்று நான்கே உண்டு. அதில் நீலம் இருக்க வேண்டிய இடத்தைக் கருப்பே நிரப்புகிறது. வெள்ளையோடு கலந்தால் அது குளிர்ந்த நீலச்சாம்பலாகத் தெரியும். கருப்பு மற்ற நிறங்களைக் கொல்லும் என்பவர்கள் ஒருமுறை கலந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

அச்சுப்பிழை:
இருவரும் எந்தக் கருப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்ல முடியுமா? எண்ணெய் வண்ணக் குழாயில் இருக்கும் கருப்பு வேறு, திரையில் ஒளியே இல்லாத கருப்பு வேறு, அச்சில் மூன்று நிற மைகளோடு நான்காவது மையாக வரும் கருப்பு வேறு. அச்சில் மெல்லிய கோட்டைக் கருப்பு மை ஒன்றால் மட்டும் அடித்தால் கூர்மையாக விழும். பழுப்போ கருநீலமோ பல மைகளின் சேர்க்கையாக வருவதால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் கோட்டின் ஓரம் பிசிறும். இளையவர் அச்சு நூலுக்குத்தான் வரைகிறார்.

வண்ணத்தட்டு:
அச்சகத்தின் வசதிக்காக ஓவியம் வரைவதில்லை. கலைக்கல்லூரியில் முறையாகப் பயின்ற எவரும் முதலாண்டிலேயே தெரிந்துகொள்ளும் செய்தியை, பயிலாதவர்களுக்கு இங்கே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மைக்கூடு:
எதிர்பார்த்தேன், பட்டம் வந்துவிட்டது. வான்கோ எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றார்? சென்ற ஓவியப் போட்டியில் நீங்கள் நடுவராக இருந்தபோதும் கருப்பு மையில் வந்த படங்கள் அனைத்தும் முதல் சுற்றிலேயே விலக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. இப்போது புதுத்தூரிகையின் படத்தின் மேலேயே, அவரைக் கேட்காமல், கோடுகளைப் பழுப்பாக மாற்றித் "திருத்தம்" என்று வெளியிட்டிருக்கிறீர்கள். பிறர் படைப்பில் அனுமதியின்றிக் கைவைப்பதை எந்தக் கல்லூரி கற்பிக்கிறது?

வண்ணத்தட்டு:
திருத்திய படம் மேம்பட்டிருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வலிக்கிறது. போட்டியில் உங்கள் படமும் விலக்கப்பட்டது என்பதை எல்லோருக்கும் நினைவூட்டியதற்கு நன்றி.

புதுத்தூரிகை:
என் படங்களுக்காக இவ்வளவு எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. பக்கம் சிறிதாக அச்சானாலும் முகபாவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் தடித்த கருப்புக் கோட்டைத் தேர்ந்தேன். பதிப்பகங்களுக்கு அனுப்பும் தொகுப்பில் தனி உருவங்கள் மட்டும் போதுமா, அல்லது ஒரு கதையின் தொடர்ச்சியான பக்கங்களையும் சேர்க்க வேண்டுமா என்பதே என் கேள்வி. இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா என்ற அச்சமும் இருக்கிறது.

மைக்கூடு:
அஞ்ச வேண்டாம், தம்பி. கோட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று குறை எழுந்தபோது, வேதியியலாளர் ஷெவ்ரல் ஆராய்ந்து, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் காரணம் என்று கண்டார். அதிலிருந்து வளர்ந்த நூல் 1839இல் வெளிவந்தது. கருப்பைத் துரத்தச் சொல்லவில்லை அவர். அதன் அண்டை நிறத்தைக் கவனிக்கச் செய்தார். உங்கள் சிறுமியின் ஊதாப் பாவாடையை அடுத்துள்ள கோடு மட்டும் சற்று மெலிந்து தெரிவதும் அதனால்தான். பாவாடையின் நிறத்தை மாற்றுங்கள், கோட்டை விட்டுவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் பியேர் சூலாஜ் 1979 முதல் கருப்பை மட்டுமே முதன்மையாகக் கொண்டு, 102 வயதில் 2022இல் மறையும்வரை ஓவியராகவே வாழ்ந்தார். கருப்பால் எவருக்கும் தொழில் போகாது.

அச்சுப்பிழை:
தம்பி கேட்டது தொடர் பக்கங்களைப் பற்றி. சேர்க்க வேண்டும், ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் வருகிறதா என்பதைப் பதிப்பாசிரியர் அதில்தான் பார்ப்பார்.

வண்ணத்தட்டு:
சூலாஜ் சிறுவர் நூலுக்குப் பூனைக்குட்டி வரைந்தவர் அல்லர். பாவாடையை மாற்றச் சொல்லி, கோட்டைக் காப்பாற்றும் அறிவுரையை நான் இதுவரை கேட்டதில்லை. கருப்புக் கோடு கூடாது.

மைக்கூடு:
கேட்டிராதவை உங்களுக்கு இன்னும் நிறைய இருக்கின்றன. அனுமதியின்றித் திருத்திய படத்தை முதலில் நீக்குங்கள். கருப்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

வண்ணத்தட்டு:
நீக்க மாட்டேன். இரண்டு படங்களும் அருகருகே இருக்கட்டும், பார்ப்பவர்கள் சொல்லட்டும்.