மறு: சார்ஜ்பேக் – ‘பண மீட்பு’ வேண்டாம், ‘முறையீட்டுப் பிடித்தம்’ என்று வைக்கலாம்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சார்ஜ்பேக்குக்கு, அதாவது வாங்கியவர் தன் வங்கியில் முறையிட்டதன் பேரில் விற்றவரிடமிருந்து அட்டைப் பணத்தைத் திரும்ப எடுப்பதற்கு, நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று ஓசூர்த் தம்பி தொடங்கிய இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மறுகட்டணம், பணத்திருப்பம், பண மீட்பு. மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம். அதையே முடிவாக வைத்துவிடலாம் என்று நேற்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்காய்த் தொக்கும் மாம்பழத் தாண்ட்ராவும் போட்டு இணையத்தில் விற்கிறவன். இந்தச் சொல்லை நான் கணக்குப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும், கூட வேலை செய்பவர்களுக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

> கட்டணம் மறுபடி திரும்புவதால் மறுகட்டணம் என்றே சொல்லலாமே.

தம்பி, மறுகட்டணம் என்று கேட்டதும் இன்னொரு தடவை பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். மறுதேர்வு, மறுகூட்டல் எல்லாம் அப்படித்தான் பழகியிருக்கின்றன. சார்ஜ் என்ற சொல்லைக் கட்டணம் என்று எடுத்ததில்தான் சிக்கல். இங்கே அது கணக்கில் ஏற்றிய தொகை. அதனால் இதை விட்டுவிடலாம்.

> ரீஃபண்டு, சார்ஜ்பேக் இரண்டுக்கும் பணத்திருப்பம் போதும். வாடிக்கையாளருக்குப் பணம் திரும்ப வருகிறது, அவ்வளவுதானே.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா இதை எழுதியிருக்கிறார். வாங்கியவர் பக்கம் இருந்து பார்த்தால் ஐயா சொல்வது சரி. விற்கிறவன் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகாது. வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டு, பாட்டில் உடைந்து வந்தது என்கிறார். சரி என்று நானே பணத்தை அனுப்புகிறேன். அது பணத்திருப்பம், கொடுப்பவன் நான். சார்ஜ்பேக்கில் அவர் என்னிடம் வருவதில்லை. தன் அட்டையைக் கொடுத்த வங்கியிடம் போகிறார். “இதை நான் வாங்கவே இல்லை” என்பார், “பொருள் வந்து சேரவில்லை” என்பார், “படத்தில் ஒன்று, வந்தது வேறொன்று” என்பார், “ஒரே தொகையை இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள்” என்பார். வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்பு வழியாக அனுப்புகிறது. அது விற்பவனான என் தரப்பு வங்கிக்கு வந்து, எனக்கு இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனத்துக்கு வந்து, கடைசியில்தான் எனக்கு வருகிறது. எனக்குத் தகவல் வரும்போது அநேகமாகத் தொகை என் கணக்கில் கழிந்திருக்கும். கூடவே அதற்கென்று ஒரு தண்டமும் போட்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கைப்பணமும் போகும். எனக்கே அது நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் மகன் அப்பாவின் அட்டையில் தொக்கு வாங்கியிருக்கிறான். அட்டைக் கணக்கில் என் கடைப் பெயர் வராமல், ஜிஎஸ்டியில் பதிந்த டிரேடர்ஸ் பெயர் வந்திருக்கிறது. யார் இந்த டிரேடர்ஸ் என்று தெரியாமல் அவர் வங்கிக்குப் புகார் கொடுத்துவிட்டார். எனக்கு மடல் வந்ததும் பதறிப்போய் அவர் பணத்தை நானே திருப்பி அனுப்பினேன். வங்கி வழியாகவும் அதே தொகை போய்விட்டது. பிறகு போனில் பேசினோம். நல்ல மனிதர், வருத்தப்பட்டு ஒரு பங்கைத் திரும்ப அனுப்பிவிட்டார். எல்லோரும் அப்படி அனுப்புவார்களா? முறையீடு நடந்துகொண்டிருக்கும்போது தனியாகப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது புதிதாக விற்க வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இரண்டையும் பணத்திருப்பம் என்று அழைத்தால் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

> பண மீட்பு என்பது கேட்டவுடன் புரிகிறது. எளிமை, இனிமை. இதைவிட என்ன வேண்டும்?

தருமபுரி ஆசிரியர் அம்மாவுக்கு மறுத்து எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன் அம்மா. இந்தச் சொல் கேட்டவுடன் புரிகிறது, ஆனால் அது விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

நம் ஊரில் எதையெல்லாம் மீட்கிறோம் என்று பாருங்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஆக்கிரமித்த நிலத்தை மீட்கிறோம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களை நீங்கள்தான் ஒரு முறை எங்களுக்குக் காட்டி, ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற தொடரை விளக்கினீர்கள். மாட்டு மந்தையை எதிரி ஓட்டிக்கொண்டு போனான், இவன் அதை மீட்கப் போய் உயிர்விட்டான் என்று. கவர்ந்தவன் வெட்சி, மீட்டவன் கரந்தை. அப்படியானால் மீட்பு என்ற சொல் வரும் இடத்தில் பொருள் யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. அது மீட்பவனுடையது, வைத்திருந்தவன் கவர்ந்தவன். பண மீட்பு என்று எழுதினால் ஒவ்வொரு சார்ஜ்பேக்கிலும் விற்றவன் மாடு பிடித்தவன் ஆகிவிடுகிறான். பாதி நேரம் அவன் சொன்ன பொருளைச் சொன்ன நாளில் அனுப்பியிருப்பான் அம்மா.

வாங்குகிறவரின் உரிமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1974-இல் அமெரிக்காவில் வந்த சட்டம்தான் இதற்கு வலுவான அடித்தளம் போட்டது. கடன் அட்டைக் கணக்கில் தவறு இருந்தால் 60 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம், விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை என்றது அந்தச் சட்டம். இங்கே ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. நம் தவறு இல்லாமல் வெளியார் யாரோ நம் கணக்கில் கை வைத்துவிட்டால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நமக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை என்றது அது. நானும் அட்டை வைத்திருக்கிறவன்தான், இந்த ஏற்பாடு எனக்கும் வேண்டும். நான் கேட்பது, இரு பக்கத்துக்காரரும் மனக்கசப்பில்லாமல் வாயில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு பெயர்.

அந்தப் பெயர் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன். போன வருஷம் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் 11,640 ரூபாய்க்குத் தொக்கும் தாண்ட்ராவும் வாங்கினார். கூரியரில் அனுப்பினேன், சேர்ந்துவிட்டது என்று இணையத்தில் காட்டியது. மூன்று மாதம் கழித்துப் ‘பொருள் வரவில்லை’ என்று முறையீடு. விசாவின் காரண எண்களில் 13.1 என்பது இதுதான். பொதுவாக 120 நாள்வரை முறையிடலாம், அதனால் மூன்று மாதம் என்பது தாமதமே ஆகாது. பதில் சொல்ல எனக்கு 7 நாள் கொடுத்தார்கள். கூரியர் சீட்டு, எடை ரசீது, அவர் அனுப்பிய செய்திகள் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ஆனால் வாங்கிக்கொண்டவர் கையெழுத்து இல்லை. அடுக்குமாடியின் கதவு எண்ணும் முகவரியில் இல்லை, வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தோற்றுவிட்டேன்.

பெட்டி கட்டும் அறையில் உட்கார்ந்து அந்த மடலைப் படித்துக்கொண்டிருந்தேன். மூடிக்கு மேல் துணி கட்டிக்கொண்டிருந்த அக்கா, “ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்க?” என்றார்.

“பணத்தைத் திருப்பி எடுத்துட்டாங்கக்கா.”

“நாம குடுக்காம அவங்க எப்படி எடுப்பாங்க?”

“கணக்குலயே கழிச்சுட்டாங்க. அடுத்து வர்ற பணத்துல.”

“ஓ, பிடித்தமா” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தார்.

அந்த அக்கா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அங்கே பால் பணம் போடும்போது தீவனத்துக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். சீட்டில் அந்தக் கட்டத்துக்குப் பெயர் பிடித்தம். சம்பளச் சீட்டிலும் அதே பெயர், வருமான வரியிலும் அதே பெயர். பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் நம்மைக் கேட்காமலே கழித்துக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் முழுதாக இருக்கிறது. நியாயமாகப் பிடித்தார்களா, அநியாயமாகவா என்று அது சொல்வதில்லை. நியாயமான பிடித்தமும் உண்டு, தப்பான பிடித்தமும் உண்டு, தப்பாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கவும் செய்யலாம். சார்ஜ்பேக்குக்கு வேண்டியது இதுதானே!

எதனால் பிடித்தார்கள் என்பதற்கு முன்னால் ஒரு அடை வேண்டும். முதலில் ‘மறுப்புப் பிடித்தம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் இரண்டு தடவை பணம் எடுக்கப்பட்டவர் எதையும் மறுக்கவில்லையே, குறையைத்தான் சொல்கிறார். ‘முறையீடு’ என்றால் எல்லாக் காரணமும் அதற்குள் அடங்கும். ஆகவே முறையீட்டுப் பிடித்தம். வங்கியில் கொடுக்கும் புகார் முறையீடு, அதன் பேரில் கழியும் தொகை முறையீட்டுப் பிடித்தம்.

எதிர்ப்பு எங்கே வரும் என்றும் யோசித்தேன். பிடித்தம் என்றால் விருப்பம் என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். பிடித்தமான பாட்டு என்கிறோம்தான். ஆனால் சம்பளப் பிடித்தம் என்றதும் யாரும் குழம்புவதில்லை. அடுத்தது கொஞ்சம் வலுவான கேள்வி. கேட்வேகாரர்கள் வருங்கால முறையீடுகளுக்காக நம் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியைச் சில மாதம் கொடுக்காமல் வைத்திருப்பார்கள், அதையும் நாங்கள் பேச்சில் ‘பிடிச்சு வெச்சிருக்காங்க’ என்றுதான் சொல்கிறோம். அதற்கு ‘நிறுத்தி வைத்த தொகை’ என்று எழுதினால் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அது திரும்ப வரக்கூடிய பணம். சொல் நீளம் என்றால் உண்மைதான். பேச்சில் பிடித்தம் என்று சுருங்கிவிடும், எழுத்தில் முழுதாக இருக்கட்டும்.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. விற்றவன் ஆவணங்களோடு திருப்பி வாதாடுவதற்கு ‘மறு சமர்ப்பிப்பு’ என்று யாரோ போட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் பிரதிவாதி தாக்கல் செய்வதற்கு ‘எதிருரை’ என்ற சொல் இருக்கிறது. கிருஷ்ணகிரி கோர்ட்டு வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் விளக்கம் சொல்வார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிரெண்ட்லி ஃபிராடு என்பதை அப்படியே பெயர்த்த ‘நட்பு மோசடி’ என்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பொருளை வாங்கித் தின்றுவிட்டு வரவில்லை என்று சொல்வதில் நட்பு எங்கே இருக்கிறது? ‘வாங்கி மறுத்தல்’ என்றால் போதும். அந்த டிரேடர்ஸ் பெயரைப் பார்த்துக் குழம்பிய மனிதர் மோசடிக்காரர் இல்லை, அவரையும் சேர்த்து மோசடி என்ற சொல்லால் அடிக்க வேண்டாம்.

லயபிலிட்டி ஷிஃப்ட் என்பதற்குப் ‘பொறுப்பு கைமாறல்’ என்று வைக்கலாம். இதில் எங்கள் ஆட்களிடையே ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருப்பதால் கூடுதலாக இரண்டு வரி. 2009 ஆகஸ்ட் முதல் இந்திய அட்டைகளில் இணையம் வழியே கட்டும்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம், ஓடிபி வருவது அதனால்தான். அப்படிச் சரிபார்த்துக் கட்டிய பணத்துக்கு, “நான் வாங்கவே இல்லை” என்று முறையீடு வந்தால் பொறுப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்குப் போய்விடும். ஆனால் பொருள் வரவில்லை, சரியில்லை என்ற முறையீடுகளுக்கு ஓடிபி எந்தக் காப்பும் தராது. வெளிநாட்டு அட்டைகளுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. ஏற்றுமதி செய்கிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறோம்.

கடைசியாக, செல்லர் புரொடெக்‌ஷன். விற்பனையாளர் பாதுகாப்பு என்றால் ஏதோ காவல் போட்ட மாதிரி இருக்கிறது. உண்மையில் அது, முறையீடு வந்தாலும் விற்றவர் பணம் போகாது என்று நிபந்தனையோடு தரும் ஒரு உறுதி. இணையத்தில் பணம் கட்ட உதவும் பேபால் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், அவர்கள் காட்டும் முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும், சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், 750 டாலரோ அதற்கு மேலோ போனால் வாங்கியவர் கையெழுத்தும் வேண்டும். அப்போதும் ‘சொன்ன மாதிரி இல்லை’ என்ற முறையீட்டுக்கு அது பொருந்தாது. காப்பீட்டில் இருக்கும் ‘காப்பு’ இதற்கு நன்றாகப் பொருந்தும். விற்பவர் காப்பு என்று வைப்போம். ‘இந்த ஆர்டருக்கு விற்பவர் காப்பு உண்டு’, ‘இதற்கு இல்லை’ என்று எழுத வசதியாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கு இந்த வேலை புதிதில்லை என்பதை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1916-இலேயே அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கம் அமைத்தார். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன.

சொல் பட்டியலில் சேர்க்க ஒரு வரைவு கீழே. திருத்தம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஆசிரியர் அம்மா கருத்தை மிகவும் எதிர்பார்க்கிறேன்.

முறையீட்டுப் பிடித்தம்: அட்டைதாரர் தன் வங்கியில் கொடுத்த முறையீட்டின் பேரில், விற்றவருக்குச் சேர்ந்த தொகையை அவர் கணக்கிலிருந்து வங்கிகள் வழியே கழித்துக்கொள்வது. விற்றவர் எதிருரை கொடுக்கலாம். எதிருரை ஏற்கப்பட்டால் பிடித்த தொகை அவருக்குத் திரும்ப வரும். எடுத்துக்காட்டு: ‘போன மாதம் இரண்டு முறையீட்டுப் பிடித்தம் வந்தது, ஒன்றுக்கு எதிருரை கொடுத்திருக்கிறோம்.’

அந்த எடுத்துக்காட்டு என் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்தது. எதிருரைக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்தத் தடவை கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து