சிகிச்சையாளரின் மௌனமும் என் கோபமும்: தொடர்வதா, நிறுத்துவதா?

குழித்துறைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பதுகளின் நடுவில். மார்த்தாண்டம் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தூக்கமின்மையும், யாரோடு நெருங்கினாலும் அவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பதைப்பும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. நிச்சயம் வரை சென்ற ஒரு சம்பந்தத்தை எந்தக் காரணமும் சொல்லாமல் நானே முறித்துக்கொண்டேன். அதன் பிறகுதான், வீட்டாருக்குத் தெரியாமல், உளப்பகுப்பாய்வு முறையில் (மனத்தில் வருவதைப் பேசவைத்து, அதன் ஆழத்தில் இருப்பதைத் தேடும் முறை) சிகிச்சை அளிக்கும் ஒருவரிடம் போகத் தொடங்கினேன். நாகர்கோவிலில் பார்த்தால் தெரிந்தவர் யார் கண்ணிலாவது படும் என்பதால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கே போகிறேன். வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடம்.

என் சிக்கல், அவர் பெரும்பாலும் பேசுவதே இல்லை என்பது. “நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டால், “இந்தக் கேள்வி இப்போது ஏன் வந்தது என்று தோன்றுகிறது?” என்று என்னிடமே கேட்கிறார். எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சிகளால் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் போகும் என் நண்பனுக்கு ஒவ்வொரு வாரமும் எழுதிவரப் பயிற்சி தருகிறார்கள். அவன் சில வாரங்களிலேயே தேறிவிட்டான். எனக்கு ஒரு தாள்கூடக் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் ஓணத்தையொட்டி இரண்டு வாரம் விடுப்பு எடுப்பதாக ஒரு மாதம் முன்பே சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் திரும்பி வந்த நாளில் நான் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர், “நான் இல்லாத இரண்டு வாரத்தைப் பற்றி இந்த அறையில் இன்னும் யாரும் பேசவில்லை” என்று மட்டும் சொன்னார். என் சிறுவயதில் அப்பா குவைத்தில் இருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். எங்கே தொடங்கினாலும் பேச்சு அங்கே போய் நிற்பதும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. இது சிகிச்சைதானா? சிகிச்சையாளர்மீது இவ்வளவு கோபம் வருவது, இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு அடையாளமா?

பழையாற்றங்கரை (மறுமொழி)

வணக்கம் நண்பரே. நான் நாகர்கோவிலில் இதே முறையில் சிகிச்சை அளிப்பவன். முறையைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் மனத்தைப் பற்றிப் பேச மாட்டேன். முன்பின் அறியாத ஒருவரின் நான்கு வரிகளை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கம் சொல்லிவிடுவதை, ‘காட்டுத்தனமான’ பகுப்பாய்வு என்று 1910-லேயே இந்த முறையைத் தோற்றுவித்த ஃபிராய்டு கண்டித்து எழுதிவிட்டார். இணையத்தில் அது இன்றும் அன்றாடம் நடக்கிறது.

மௌனத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தச் சிகிச்சையின் அடிப்படை விதி ஒன்றுதான்: மனத்தில் வருவதை, அற்பமானது, தொடர்பற்றது, சொல்லத் தகாதது என்று வடிகட்டாமல் சொல்ல வேண்டும். ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருப்பவர், வெளியே மாறிவரும் காட்சிகளை உள்ளே இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வருவதுபோலச் சொல்லுங்கள் என்று ஃபிராய்டு 1913-இல் இதை விளக்கினார். சொல்பவருக்கு இந்த விதி என்றால், கேட்பவருக்கும் ஒன்று உண்டு. எதையும் முன்கூட்டியே முக்கியம் என்று பிடித்துக்கொள்ளாமல், எல்லாவற்றின்மீதும் ஒரே சீராகப் பரவிய கவனத்தோடு அவர் கேட்க வேண்டும். நீங்கள் பேச்சை எங்கே நிறுத்துகிறீர்கள், எந்தப் பெயரை உச்சரித்ததும் பேச்சை மாற்றுகிறீர்கள், எதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள் என்பதெல்லாம் அப்போதுதான் அவர் காதில் விழும். அவர் இடைவிடாமல் பேசினால் உங்கள் பேச்சு அவர் சொன்னதற்கான பதிலாகச் சுருங்கிவிடும்.

அறிவுரை தராததற்கும் காரணம் உண்டு. நம்மைத் துன்புறுத்தும் ஒரு பழக்கம், ஒரு காலத்தில் நம்மைக் காத்த பழக்கமாக இருந்திருக்கலாம் என்பதும், அது எதிலிருந்து காத்தது என்பதை நனவு மனம் அறியாமல் இருக்கலாம் என்பதும் இந்த முறையின் மையக் கருத்துகள். தாங்க முடியாத ஒன்றை நினைவுக்கு வராமல் அமுக்குவதும், நம் உணர்வைப் பிறருடையதாகக் காண்பதும், எல்லாவற்றையும் அறிவுபூர்வமாகப் பேசி உணர்வை ஒதுக்குவதும் அத்தகைய தற்காப்புகளே. “இனி அப்படிச் செய்யாதீர்கள்” என்று வெளியிலிருந்து சொன்னால், தற்காப்பு வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

உங்கள் கேள்வியில் முக்கியமானது கோபம்தான். பழைய உறவுகளில் உருவான எதிர்பார்ப்பும் அச்சமும் ஏக்கமும் சினமும் சிகிச்சையாளர்மீது வந்து படிவதை உணர்வு இடமாற்றம் என்கிறோம். இது நமக்கு எல்லா உறவுகளிலும், அலுவலக மேலாளரிடமும் மாமனாரிடமும்கூட, நடப்பதுதான். வெளியே அதற்கு எதிர்வினை கிடைக்கும், சண்டையோ சமாதானமோ நடக்கும், விஷயம் மூடிப்போகும். சிகிச்சை அறையில் மட்டும், அது நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் சேர்ந்து அதை உற்றுப் பார்க்க முடிகிறது. 1914-இல் ஃபிராய்டு எழுதியதன் சாரம், நினைவுகூர முடியாததை மனிதர் செய்து காட்டுகிறார் என்பது. அப்பாவைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போயிருக்கலாம். ஆனால் பேசுவதும், ஒருவர் விடுப்பில் போவதாகச் சொன்னதும் உடல் பதறுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, பழங்கதையாக இல்லாமல் இன்றைக்கு, இந்த அறையில் நிகழ்கிறது.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிராய்டே சான்று. ‘டோரா’ என்று புனைபெயரிட்டு அவர் 1905-இல் வெளியிட்ட வரலாற்றில், பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் ஏறத்தாழ பதினொரு வாரங்களிலேயே, 1900-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சிகிச்சையை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் தன்மீது ஏற்றிய உணர்வுகளை உரிய நேரத்தில் கவனித்துக் கையாளத் தவறிவிட்டதாக ஃபிராய்டு அதிலேயே எழுதினார். அந்தப் பெண்ணின் தரப்பைக் கேட்டால் ஃபிராய்டின்மீது வைக்க வேறு குறைகளும் உண்டு, அது தனிக்கதை.

ஆகவே நிறுத்துவதென்றாலும் தொடர்வதென்றாலும், இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். “நீங்கள் பேசாமலிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, நீங்கள் விடுப்பில் போனது எனக்குப் பிடிக்கவில்லை” என்பதைவிட நல்ல தொடக்கம் ஓர் அமர்வுக்கு இல்லை. அவர் எப்படிக் கேட்கிறார் என்பதிலிருந்து அவரையும் எடைபோடலாம். நல்ல மௌனத்தில், சில வாரங்களுக்கு முன் நீங்கள் சொன்ன ஒன்றை அவர் நினைவில் வைத்து இன்றையதோடு இணைத்துச் சொல்வார். மோசமான மௌனத்தில் அவர் வெறுமனே இல்லாமல் இருப்பார். நீங்கள் குறை சொன்னதும் புண்பட்டுப் போய்த் தற்காத்துக்கொண்டாலோ, எல்லாக் குறையையும் “இது உங்கள் அப்பாமீதுள்ள கோபம்” என்று தள்ளிவிட்டாலோ எச்சரிக்கையாக இருங்கள். சில வேளைகளில் சிகிச்சையாளர் உண்மையாகவே தவறியிருப்பார். அதை ஒப்புக்கொள்வதும் அவர் வேலைதான். விடுப்பை ஒரு மாதம் முன்பே சொன்னதும், திரும்பி வந்ததும் அதைப் பேச்சுக்குக் கொண்டுவந்ததும் பயிற்சி உள்ளவர் செய்கிற காரியங்கள் என்பதை மட்டும் இங்கிருந்து சொல்ல முடியும்.

குளச்சல் அலை (மறுமொழி)

தம்பி, நான் சிகிச்சை பெற்றவள்; படித்துச் சொல்பவள் அல்ல. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன என் தம்பி திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பங்கில் திருப்பலி வைத்தார்கள், ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் “அழுதுவிடு” என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக, நான் ஒன்றுக்கும் உதவாதவள், வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டது.

சிகிச்சையில் வெகுகாலம் கழித்து, வேறேதோ பேசிக்கொண்டிருந்தபோது, “காற்று சரியில்லை என்று தெரிந்தும் ஏன்டா போனாய்” என்று என் வாயிலிருந்து வந்தது. செத்துப்போனவன்மீது கோபப்படுகிறோமே என்று நடுங்கிப்போனேன். இழந்தவர்மீதுள்ள, வெளியே சொல்ல முடியாத சினம் தன்மீதே திரும்பி, தன்னையே இழித்துக்கொள்வதாக மாறலாம் என்று ஃபிராய்டு 1917-இல் துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு எழுதியிருப்பதாகப் பிறகு அறிந்தேன். முதல் மாதமே என் சிகிச்சையாளர் அதை எனக்கு விளக்கியிருந்தால், நான் மறுத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் காத்திருந்ததால்தான் அது என் வாக்காக வந்தது.

எங்கள் பக்கத்தில் பலர் இதைப் பாவசங்கீர்த்தனத்தோடு ஒப்பிட்டு, “சாமியாரிடம் இலவசமாகச் சொல்லலாமே” என்பார்கள். நான் இரண்டையும் செய்கிறவள். கோவிலில், எனக்குத் தெரிந்த குற்றத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறேன். இங்கே எனக்கே தெரியாததைச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்பு கேட்க எதுவும் இல்லை. ஃபிராய்டும் 1926-இல் ஏறக்குறைய இதே வேறுபாட்டைத்தான் குறிப்பிட்டிருக்கிறார். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

ஊரைத் தாண்டிப் போவது பற்றியும் ஒரு சொல். நான் மாவட்டத்துக்குள்ளேயே ஒருவரைப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் அவர் எதிரே அமர நேர்ந்தது. அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அன்று எனக்கு வருத்தம். அடுத்த அமர்வில் அதைப் பற்றித்தான் பேசினோம். வெளியில் சந்தித்தால் என்ன செய்வது என்று தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பேரை எடுத்தால் இடையில் ஒரு மாமன் மச்சான் உறவு வந்துவிடும், வெளியில் அறிமுகம் காட்டக் கூடாது என்ற விதியை ஐரோப்பாவில் எழுதியவர்களுக்கு அது தெரியாது.

வேளிமலை (மறுமொழி)

மேலே இருவரும் இந்த முறையின்மீது பற்றுள்ளவர்கள். மனநல மருத்துவன் என்ற முறையில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஃபிராய்டு சொன்னவற்றில் பல, குறிப்பாகப் பெண்களின் வளர்ச்சி பற்றிச் சொன்னவை, இன்று இத்துறையினராலேயே கைவிடப்பட்டவை. எந்த நடத்தையையும் விளக்கிவிடுகிற கோட்பாட்டை எப்படித்தான் தவறென்று நிரூபிப்பது என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் எழுப்பிய கேள்விக்கும் முழுமையான பதில் இல்லை. ஆனால் கோட்பாட்டின் வலுவும் சிகிச்சையின் பயனும் வெவ்வேறு. உளவியலாளர் ஜொனாதன் ஷெட்லர் 2010-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, உளப்பகுப்பாய்வு வழிவந்த உளஇயக்கச் சிகிச்சையின் பயன் பிற சான்றுள்ள சிகிச்சைகளின் பயனுக்கு ஒப்பாக இருப்பதாகவும், சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்வதாகவும் எழுதினார். ஆய்வுகளின் தரம் பற்றி அதற்கு மறுப்புகளும் வந்தன. என் கருத்தில், உங்களைப் போல உறவுகளில் ஒரே வகைச் சிக்கல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இது பொருத்தமான தேர்வு. திரும்பத் திரும்பக் கைகழுவத் தூண்டுவது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு வேறு நேரடிப் பயிற்சிகள்தான் முதலில். மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் மருந்து இல்லாமல் முடியாது. உங்கள் நண்பர் தேறியதில் வியப்பில்லை. அந்த முறையை வகுத்த ஆரோன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றுவிட்டு அதிலிருந்து விலகி வந்தவர்தான்.

உங்கள் சிகிச்சையாளர் எங்கே பயின்றார், தாமும் சிகிச்சைக்கு உட்பட்டிருக்கிறாரா, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. இந்தியாவில் இந்த மரபு புதியதல்ல. கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் முழுப் பயிற்சி பெற்றவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு, பெயர்ப்பலகைகளோ நிறைய. இரகசியக் காப்பை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே வைத்திருப்பதால் வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். தூக்கம் அடியோடு கெட்டாலோ வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ அடுத்த அமர்வுவரை காத்திராதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழையுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.

குழித்துறைக்காரன்

மூவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் தம்பியைப் பற்றிப் படித்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் ஐயா, அப்படிப்பட்ட எண்ணங்கள் எனக்கு இல்லை. ஓணக் கோபத்தை அவரிடம் சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. இன்னொன்று: பேருந்து வேலைநிறுத்தத்தால் நான் போக முடியாத வாரத்துக்கும் முழுக் கட்டணம் வாங்கினார். அவர் விடுப்பெடுத்தால் எனக்கு எதுவும் இல்லை, நான் வராவிட்டால் பணமா? இது முறைதானா?

பழையாற்றங்கரை

முறைதான், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒருவருக்கென ஒதுக்கிய நேரம், அவர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடையதே என்பது ஃபிராய்டு காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. அதைக் கண்டிப்பாக அப்படியே வைத்திருப்பவர்களும் உண்டு. வேலைநிறுத்தம் போன்ற நாள்களில் தொலைபேசி வழியாக அமர்வை நடத்துபவர்களும் உண்டு, நான் இரண்டாவது வகை. கட்டணமே கட்ட முடியாதவர்களுக்காக 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் இலவச உளப்பகுப்பாய்வு மருத்துவமனைகளே நடந்திருக்கின்றன. ஆகவே கட்டணம் சுமையாக இருந்தால் குறைத்துக்கேட்பதில் தவறில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள். இப்போது எழுதிய “அவர் விடுப்பெடுத்தால் எனக்கு எதுவும் இல்லை, நான் வராவிட்டால் பணமா?” என்பதிலிருந்தே தொடங்கலாம். இங்கே எழுதிக் கேட்டதையும் மறைக்க வேண்டாம். அவரிடம் கேட்க முடியாமல் எங்களிடம் வந்தீர்கள் என்பதும் அங்கே பேச வேண்டிய ஒன்றுதான்.