பழைய டிடபிள்யூஜி (ஆட்டோகேட் டிராயிங்) ஃபைல் திறக்க மாட்டேங்குது, அவசரம்

லாஃப்ட்_குன்னூர்
வணக்கம். தேயிலை ஃபேக்டரியோட பழைய பிளான், சிடியில் இருந்து எடுத்தது. திறந்தால் 'வேலிட் ஃபைல் இல்லை' என்று வருது. விதரிங் லாஃப்ட்டை (பச்சை இலையை வாட வைக்கிற மாடி) நீட்டணும், திங்கட்கிழமை எஸ்டிமேட் கொடுக்கணும். கன்வெர்ட் பண்ண நல்ல சாஃப்ட்வேர் சொல்லுங்க.

கட்டபெட்டு_கேட்
எதில் திறந்தீங்க சார்? ஆட்டோகேட்டா, ட்ரூவியூவா, போன் ஆப்பா? ஒரு ஃபைல்தானா, எல்லாமே இப்படியா? சைஸ் எவ்வளவு காட்டுது?

ஊட்டி_பனி
சிடின்னதுமே தெரிஞ்சுபோச்சு, பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்தில் பீரோவில் வச்ச சிடி தப்பிக்காது. வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிசு துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைங்க. வட்டமாத் தேய்க்காதீங்க. லேபிள் பக்கம் நகம்கூடப் படக் கூடாது, டேட்டா இருக்கிற படலம் அந்தப் பக்கம்தான் தோலுக்கு அடியில் இருக்கு.

டிராஃப்ட்_முள்
புது ஆட்டோகேட் பழசைத் திறக்காது. பழைய வெர்ஷன் இருக்கிற கடையில் கொடுத்து 2010க்கு சேவ் பண்ணி வாங்குங்க.

பழைய_ஆர்12
தலைகீழ். புதுசு பழசைத் திறக்கும். பழசுதான் புதுசைத் திறக்காது. இதை எத்தனை இழையில் எழுதுவது? ஃபைலின் நகல் ஒன்றை நோட்பேடில் திறக்கவும். முதல் ஆறு எழுத்துதான் ஜாதகம். ஏசி1009 என்றால் ஆட்டோகேட் வெர்ஷன் ஆர்11 அல்லது ஆர்12. 1012 ஆர்13, 1014 ஆர்14, 1015 ஆட்டோகேட் 2000, 1018 என்றால் 2004, 1021 என்றால் 2007, 1024 என்றால் 2010, 1027 என்றால் 2013, 1032 என்றால் 2018. இதைக்கூடப் பார்க்காமல் 'அவசரம்' என்று போட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் சொல்ல வேண்டும்.

டிராஃப்ட்_முள்
சரிங்க வாத்தியாரே. வைரஸ் இருக்கலாமே? ஃபோல்டரில் ஏகேட்.எல்எஸ்பி, ஏகேட்டாக்.எல்எஸ்பின்னு ஆட்டோகேட் தானா ஓட்டுற ஃபைல் கிடக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

கட்டபெட்டு_கேட்
நீங்க போடாதது கிடந்தால் அழிக்கணும். ஆனா அது பக்கத்து ஃபோல்டருக்குப் பரவுற சமாச்சாரம். அதனால் இந்த எர்ரர் வராது.

லாஃப்ட்_குன்னூர்
ஆட்டோகேட் 2021. மொத்தம் நாலு ஃபைல். மூணில் ஏசி1009 இருக்கு, அதெல்லாம் திறக்குது. லாஃப்ட் பிளான் மட்டும் நோட்பேடில் காலியா இருக்கு, ஒரு எழுத்தும் இல்லை. சைஸ் 412 கேபி.

கட்டபெட்டு_கேட்
மூணு திறக்குதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா பாதி பேச்சு மிச்சம்! சிடியை ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் வச்சு காப்பி பண்ணினீங்களா? அப்படின்னா படிக்க முடியாத செக்டருக்கெல்லாம் பூஜ்யத்தை நிரப்பி, சைஸை மட்டும் சரியாக் காட்டும். தலைப்பே பூஜ்யமாப் போன ஃபைலை எந்தக் கன்வெர்ட்டரும் மாத்தாது. உள்ளே எதுவுமே இல்லையே, எதை மாத்தும்?

இப்படிச் செய்யுங்க. சிடியைத் துடைச்சு வேற டிரைவில் போடுங்க. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும். டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கைப் படிக்கிற ரெக்கவரி சாஃப்ட்வேர்) ஓட்டினால் செக்டர் அளவு 2048 பைட் கொடுங்க. அதுக்கும் முன்னாடி அதே ஃபோல்டரில் அதே பேரில் .பேக் ஃபைல் இருக்கான்னு பாருங்க. ஆட்டோகேட் ஒவ்வொரு சேவுக்கும் முந்தின பதிப்பை அப்படி வைக்கும். எக்ஸ்டென்ஷனை டிடபிள்யூஜின்னு மாத்தினால் போதும். விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் காட்டும்படி முதல்ல வையுங்க, இல்லாட்டி பேர் மட்டும் மாறும், ஃபைல் பேக்காவே இருக்கும். திறக்க அடம்பிடிச்சா ஆட்டோகேட்டில் ரெக்கவர் கமாண்ட், அப்புறம் தப்பைச் சரிபண்ற ஆடிட் கமாண்ட்.

நிறைய ஃபைல் இருந்தால் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர், இலவசம். அது ஃபைல் கேட்காது, ஃபோல்டர் கேட்கும். உள்ளீடு ஒரு ஃபோல்டர், வெளியீடு வேற ஃபோல்டர், ஆடிட் டிக். ரெண்டுக்கும் ஒரே ஃபோல்டரைக் கொடுத்துடாதீங்க.

சங்கிலிக்காரர்
திறக்கிற மூணில் சைட் பிளான் இருக்கா தம்பி? ஆர்12 ஃபைலில் யூனிட் என்னன்னு பதிவே இருக்காது. கட்டடம் பெரும்பாலும் 1 யூனிட் ஒரு அங்குலம், மில்லிமீட்டருக்கு 25.4 ஆல் ஸ்கேல் பண்ணணும். எல்லைக்கோடு பழைய எஃப்எம்பியை (சர்வே துறையோட நில அளவை வரைபடம்) பார்த்துப் போட்டதுன்னா அது லிங்க்ஸா (சர்வே சங்கிலி அளவு) இருக்கலாம். 100 லிங்க் 66 அடி, மீட்டராக்க 0.201168 ஆல் ஸ்கேல் பண்ணணும். ஸ்கேல் பண்றதுக்கு முன்னாடி எல்லையை மூடின பாலிலைன் ஆக்கி ஏரியா பாருங்க, 1000 ஆல் வகுத்தால் சென்ட். பட்டாவோடு ஒத்துப்போச்சுன்னா லிங்க்ஸேதான்.

ஊட்டி_பனி
ஒத்துப்போகாது. மலையில் யூனிட்டைக் குறை சொல்லாதீங்க. சரிவில் டேப் பிடிச்ச அளவு எஃப்எம்பியோடு என்னைக்குமே சேராது.

சங்கிலிக்காரர்
எஃப்எம்பி கிடைமட்ட அளவு, அது சரி. ஆனா கணக்குப் போடுங்க. 15 டிகிரி சரிவில் வித்தியாசம் 3.4 சதம், 30 டிகிரியில் 13.4. லிங்க்கை அடின்னு எடுத்தால் தப்பு 34 சதம். அது சரிவால் வரணும்னா கிட்டத்தட்ட 49 டிகிரி வேணும். அந்த மேட்டில் தேயிலை பறிக்கவே ஆள் நிக்க மாட்டாங்க, ஃபேக்டரி எங்கே நிக்கும்?

ஊட்டி_பனி
கெத்தை பக்கம் வந்து பாருங்க, நிக்கிறாங்களா இல்லையான்னு.

பழைய_ஆர்12
இழை எங்கே போகிறது?

லாஃப்ட்_குன்னூர்
பேக் ஃபைல் இருந்தது, திறந்துடுச்சு. தமிழ் எழுத்து மட்டும் கண்டபடி இங்கிலீஷ் எழுத்தா வருது. ரொம்ப நன்றி.

பழைய_ஆர்12
தமிழ் எஸ்எச்எக்ஸ் (ஆட்டோகேட்டின் சொந்த ஃபாண்ட் வகை) ஃபாண்ட் காணோம், அவ்வளவுதான். அந்த எழுத்துகளை அழித்துத் தட்டச்சு செய்ய வேண்டாம். ஸ்டைல் கமாண்டில் எந்த ஃபாண்ட் பெயர் கேட்கிறது என்று பாருங்கள், சிடியிலேயே எங்காவது அந்தப் பெயரில் ஃபைல் இருக்கலாம். டிராயிங் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு மறுபடி திறந்தால் வந்துவிடும்.

கட்டபெட்டு_கேட்
இன்னொண்ணு சார், பேக் என்பது கடைசி சேவுக்கு முந்தினது. கடைசியா என்ன மாத்தினாங்கன்னு தெரியாது. தூண் இடைவெளியை லாஃப்ட்டில் நேரில் டேப் வச்சு ரெண்டு இடத்திலாவது அளந்து, டிராயிங்கில் தூரம் காட்டுற டிஸ்ட் கமாண்டோடு ஒத்துப் பார்த்துட்டு எஸ்டிமேட் போடுங்க.

சங்கிலிக்காரர்
சைட் பிளான் ஏரியா எவ்வளவு வந்தது தம்பி? சென்ட் கணக்கு ஒத்துப்போச்சா?