விமர்சன வீடியோவுக்கு காப்பிரைட் ஸ்ட்ரைக்: எதிர்த்து நிற்கலாமா?

கும்பகோணத்துக்காரி:
நம் சினிமாவில் கைம்பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று யூடியூபில் ஒரு தொடர் செய்கிறேன். கடைசியாகப் போட்ட 14 நிமிட வீடியோவில் ஒரு படத்திலிருந்து மூன்று துண்டுகள் வருகின்றன. எல்லாம் சேர்ந்து 40 நொடிகூட இருக்காது. பூச்சரம் போட்ட சாமி படத்திலிருந்து கேமரா மெல்ல இறங்கி, அந்தப் பெண்ணின் வெறும் நெற்றியில் வந்து நிற்கும். அதைக் காட்டாமல் அதைப் பற்றி என்ன பேச முடியும்? தயாரிப்பாளர் தரப்பு ஸ்ட்ரைக் கொடுத்து, அதாவது பதிப்புரிமை மீறல் என்று யூடியூபில் புகார் செய்து, வீடியோவைத் தூக்க வைத்துவிட்டது. அதே படத்தைக் கொண்டாடி, இன்னும் நீளமான காட்சிகளோடு வந்த வீடியோக்களை யாரும் தொடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் "வம்பு எதுக்கு, டெலிட் பண்ணிடு" என்கிறார்கள். செய்தால் ஸ்ட்ரைக் போய்விடுமா?

மதுரை வக்கீல்:
போகாது சகோதரி, டெலிட் செய்யாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வது மீறல் ஆகாது என்று இருக்கிறது. இத்தனை நொடி வரை என்ற கணக்கெல்லாம் சட்டத்தில் கிடையாது.

கேரளத்தில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்) 1952இல் வந்த புகழ்பெற்ற நாடகம். சிவிக் சந்திரன் என்ற எழுத்தாளர் அதே பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்து, அதைக் கேள்வி கேட்கும் எதிர்நாடகம் எழுதினார். பாசியின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 1996இல் கேரள உயர் நீதிமன்றம் எதிர்நாடகத்துக்கு இருந்த தடையை நீக்கியது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாக நிற்குமா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் விடப்போவதில்லையே!

யூடியூபில் எதிர் அறிவிப்பு கொடுங்கள், அதாவது 'இது மீறல் இல்லை' என்று எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாளுக்குள் தயாரிப்பாளர் தரப்பு நீதிமன்றம் போனதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும்.

எடிட்டிங் டேபிள்:
நான் படத்தொகுப்பு உதவியாளர். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ராத்திரி பகலாக நாங்கள் வெட்டி ஒட்டிய படத்தை வெளியான வாரமே முழுசாகப் பிட்டுப் பிட்டாகப் போட்டு 'விமர்சனம்' என்று பெயர் வைக்கிறார்கள். கதை, திருப்பம், கிளைமாக்ஸ் எல்லாம் அதில் வந்துவிடும். அதை நிறுத்த ஸ்ட்ரைக்கை விட்டால் எங்களுக்கு வேறு வழியே இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை. ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தால், எங்கள் வேலையை உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை அழிக்க நினைப்பது தப்பு.

கும்பகோணத்துக்காரி:
நன்றி அண்ணா. ஒவ்வொரு துண்டின் மேலும் என் குரல்தான் ஓடுகிறது. ஒரே பயம், எதிர் அறிவிப்பில் வீட்டு முகவரி கேட்கிறார்கள். அது தயாரிப்பாளர் தரப்பின் கைக்குப் போகுமா? ஏற்கெனவே கமெண்டில் அசிங்கமாகத் திட்டுகிறார்கள்.

மதுரை வக்கீல்:
போகும். அதனால் உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை அனுப்பச் சொல்லுங்கள். யூடியூப் அதை ஏற்கிறது. எந்த நிமிடத்தில் எந்தத் துண்டு, அதன் மேல் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதி அவரிடம் கொடுங்கள். முடிவு தெரியும்வரை அதே துண்டுகளை வேறு வீடியோவில் போட வேண்டாம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.