டூடுல்: தமிழில் என்ன சொல்லலாம்? பிறந்தநாள் படக் கையேட்டுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். இப்போதுதான் உள்ளே வருபவர்களுக்காகச் சுருக்கமாக: படம் வரைந்தே பழக்கமில்லாதவர்கள், பெரியவர்களானாலும் பிள்ளைகளானாலும், பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் தாங்களே வரைந்துகொள்ள ஒரு சின்னக் கையேடு தயாராகிறது. கேக், மெழுகுவத்தி, பலூன், பரிசுப் பெட்டி, கூம்புத் தொப்பி என்று எளிய படங்கள். வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரைந்தால் மனசு இலேசாக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆங்கிலத்தில் இவற்றை டூடுல் என்கிறார்கள். நூலின் அட்டையிலேயே வர வேண்டிய சொல் என்பதால் உங்களிடம் கேட்டேன்.

> டூடுல் என்றே எழுதினால் என்ன? கூகுள் டூடுல் என்று நாளிதழ்களிலேயே வருகிறதே.

வருகிறது. சிக்கலும் அதனால்தான். தமிழ் வாசகருக்கு டூடுல் என்றால் தேடுபொறியின் முகப்பில் தோன்றும் படம். 1998 ஆகஸ்டில், நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவுக்கு கூகுள் நிறுவனர்கள் கிளம்பியபோது, நிறுவனத்தின் பெயரில் ஒரு குச்சி மனிதனைச் சேர்த்து வைத்தார்கள். அங்கே தொடங்கியது இந்த வழக்கம். அந்த முதல் படம் உண்மையிலேயே யாரும் வரையக்கூடிய எளிய படம். இன்று அதற்கென்று ஓவியர் குழு இருக்கிறது; அசைபடமும் விளையாட்டும்கூட வருகின்றன. அதைப் பார்த்துப் பழகியவர் கையில் பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்து ‘டூடுல் வரையுங்கள்’ என்றால் தயங்கத்தான் செய்வார். ‘பிறந்தநாள் டூடுல்’ என்று அட்டையில் போட்டால், யாருடைய பிறந்தநாளுக்கு கூகுள் என்ன படம் போட்டது என்று தொகுத்த நூல் என்றே நினைப்பார்கள்.

> கிறுக்கல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? டூடுல் என்பதற்கே பழைய ஆங்கிலத்தில் பேதை என்றுதான் பொருள். நம் கிறுக்கிலும் அதே பித்து இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

ஐயா, சொன்ன செய்தி சரியானது. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் அறிவிலியைத்தான் குறித்தது. கவனமில்லாமல் தாளில் எதையாவது வரைவது என்ற பொருள் 1930களில்தான் பரவலானது. 1936இல் வந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில் நாயகன் நீதிமன்றத்தில் நின்றுகொண்டு இந்தச் சொல்லுக்கு விளக்கமே சொல்கிறான். ஆக, இரண்டு மொழியும் ஒரே பாதையில் போயிருப்பது அழகுதான். ஆனாலும் ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்று யார் காதிலும் விழுவதில்லை. கிறுக்கலில் விழுகிறது. ‘சுவரில் கிறுக்காதே’, ‘நோட்டு முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறாய்’ என்று நாம் எல்லோரும் சின்ன வயதில் வாங்கிய திட்டு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வரைய வராது என்று ஏற்கெனவே முடிவு கட்டியவருக்கு எழுதும் நூல் இது. ‘நீங்கள் வரைவது கிறுக்கல்’ என்று அட்டையிலேயே சொன்னால் அவர் தொடங்கும் முன்பே பேனாவை மூடிவிடுவார். கவிஞர்கள் தம் கவிதையைக் கிறுக்கல் என்று பணிவாகச் சொல்லிக்கொள்ளலாம். நாம் அடுத்தவர் கைவேலையை அப்படிச் சொல்ல முடியாது.

> எங்கள் பக்கம் படம் கீறுவது என்றுதான் சொல்வோம். கீறல் என்றோ சிறுகீறல் என்றோ வைக்கலாமே.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உயிரோடு புழங்கும் வினைச்சொல் அது. ஆனால் தமிழ்நாட்டில் கீறல் என்றால் வண்டியில் விழுந்த கோடு, இல்லையென்றால் முழங்கையில் சிராய்ப்பு. ‘பிறந்தநாள் கீறல்கள்’ என்று மதுரையில் ஒரு புத்தகம் வந்தால் வேறு மாதிரிப் படித்துவிடுவார்கள். அதனால் பெயர்ச்சொல்லாக வேண்டாம். இலங்கைப் பதிப்பில் ‘வரையுங்கள்’ என்ற இடங்களை எல்லாம் ‘கீறுங்கள்’ என்றும், மெழுகுவத்தியை மெழுகுதிரி என்றும் மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். அக்கா அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.

> புனையா ஓவியம் என்ற சங்கச் சொல்லையே எடுத்தாளலாம்.

நெடுநல்வாடையில் இருக்கும் அருமையான தொடர். வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் எழுதிய ஓவியம் என்று உரை சொல்கிறது. மணிமேகலையிலும் வருகிறது. ஆனால் அது முடிந்த கோட்டோவியத்தைக் குறிக்கும் சொல். எவ்வளவு எளிதாக, எவ்வளவு சாவகாசமாக வரைந்தது என்பது அதில் இல்லை. வண்ணம் தீட்டுவதற்காக வெறும் வெளிக்கோட்டோடு அச்சிட்டுக் கொடுக்கிறோமே, அந்தப் பக்கங்களுக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். அதற்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். நமக்கு ஒரு சொல் கிடைக்காமல் திண்டாடுவதற்குக் காரணம், டூடுல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனிச் செயல்கள் இருப்பதுதான்.

ஒன்று, போனில் பேசிக்கொண்டோ கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டோ, கவனம் வேறெங்கோ இருக்கும்போது கை தானாகத் தாளில் ஓடுவது. சுழி, கட்டம், கட்டத்துக்குள் கட்டம். என்ன வரைந்தோம் என்று முடித்த பிறகுதான் தெரியும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆன்ட்ரேட் என்ற உளவியலாளர் ஆராய்ந்தது இதைத்தான். 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கவைத்தார். அது ஒரு பிறந்தநாள் விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்ற செய்தி. நம் இழைக்கும் அந்த ஆய்வுக்கும் இப்படி ஓர் உறவு! பாதிப்பேர் கேட்டுக்கொண்டே தாளில் அச்சிட்டிருந்த வடிவங்களைப் பென்சிலால் நிழலிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. இந்தச் செயலில் படம் முக்கியமில்லை. கை ஓடுவதுதான் முக்கியம்.

இன்னொன்று நம் கையேட்டில் இருப்பது. ஒரு பலூன் வரைய வேண்டும் என்று நினைத்தே உட்காருகிறோம். தலைகீழான துளி வடிவம், கீழே குட்டி முக்கோண முடிச்சு, அங்கிருந்து வளைந்து இறங்கும் நூல், பளபளப்புக்கு மேல் ஓரத்தில் ஒரு சின்ன வளைகோடு. நான்கு கோட்டில் பலூன் வந்துவிட்டது. கேக் என்றால் மேலே ஒரு நீள்வட்டம், பக்கத்துக்கு ஒரு நேர்கோடு, அடியில் ஒரு வளைவு. நீள்வட்டத்தின் முன்விளிம்பை ஒட்டி, ஒரு பெரிய அலை ஒரு சின்ன அலை என்று மாற்றி மாற்றி இழுத்தால் கிரீம் வழிகிற மாதிரி இருக்கும். அலைகள் ஒரே அளவில் இருந்தால் கிரீம் போலவே தெரியாது, விரிப்பின் சரிகை போலத் தெரியும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். மெழுகுவத்திக்கு இரண்டு இணைகோடு, குறுக்கே சாய்ந்த பட்டைகள், நுனியில் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு சுடர். இதில் இலக்கு இருக்கிறது, வரிசை இருக்கிறது. கவனம் தாளில்தான் இருக்கிறது. சரியாக வரைய வேண்டுமே என்ற பயம் மட்டும் இல்லை, ஏனென்றால் கோணலான பலூனும் பலூன்தான்.

அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழு 2017இல் செய்த ஆய்விலும் வண்ணம் தீட்டுவது, டூடுல், விருப்பப்படி வரைவது ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் பார்த்தார்கள். மூன்றின்போதும், சும்மா இருப்பதைவிட மூளையின் முன்பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு 39 பேரை 45 நிமிடம் கலைப்பொருள் செய்யவிட்டு, எச்சிலில் கார்ட்டிசால் அளவைச் சோதித்தது. மனஅழுத்தத்தோடு தொடர்புள்ள சுரப்பு அது. ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. கலையில் முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. இந்தக் கடைசிச் செய்தியைக் கையேட்டின் முன்னுரையில் கட்டாயம் சேர்க்கப்போகிறேன். எனக்கு வரைய வராதே என்பவருக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடையாது.

சரி, சொல்லுக்கு வருவோம். முதல் செயலுக்கு நான் முன்வைப்பது கைப்போக்கு. மனம்போன போக்கு, கால்போன போக்கு என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். ‘கைபோன போக்கில் வரைந்தேன்’ என்பதும் யாருக்கும் விளங்கும். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஔவையார் வாக்கில் உள்ள கைப்பழக்கத்துக்குப் பக்கத்தில் உட்காரவும் செய்கிறது. சொற்றொடர்களில் வைத்துப் பார்த்தேன்: ‘போனில் பேசிக்கொண்டே கைப்போக்காக ஏதோ வரைந்தாள்.’ ‘கூட்டக் குறிப்பின் ஓரமெல்லாம் கைப்போக்குப் படங்கள்.’ எங்கும் உறுத்தவில்லை. திட்டும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

இரண்டாவதற்கு குட்டிப்படம். சிறுபடம் என்று எழுதலாம்தான், ஆனால் இணையத்தில் அது தம்ப்நெயிலுக்குப் போய்விட்டது. குறும்படம் திரைக்காரர்களுடையது. சிற்றோவியமும் நுண்ணோவியமும் முகலாயர், ராஜஸ்தானி மரபின் நுட்பமான வேலைப்பாட்டை நினைவூட்டும். கோட்டுப்படம் என்றால் பள்ளிக்கூடத்து அறிவியல் நோட்டு. குட்டி என்பது பேச்சு வழக்காயிற்றே, கலைச்சொல்லுக்குத் தகுமா என்று ஒருவர் கேட்கக்கூடும். குட்டிக்கதை, குட்டித்தீவு என்று எழுத்திலும் அது நன்றாகவே நடமாடுகிறது. அளவோடு கொஞ்சம் பிரியத்தையும் சேர்த்துச் சொல்வது அதன் தனிப் பலம். ‘பிறந்தநாள் குட்டிப்படங்கள்’ என்று அட்டையில் எழுதிப் பாருங்கள், ஏழு வயதுப் பிள்ளையும் எடுக்கும், எழுபது வயதுப் பாட்டியும் எடுப்பார்.

> தாள்கோலம் என்று நான் சொன்னதற்கு யாருமே பதில் எழுதவில்லை.

இதோ எழுதுகிறேன் அம்மா. மார்கழிக்கு முன்னால் கோல நோட்டில் புள்ளி வைத்துப் பழகுவதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த அமைதி நாம் தேடும் அமைதிதான். ஆனால் கோலத்தில் புள்ளிக்கணக்கு உண்டு, சிக்குக் கோலமானால் கோடு ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றி வர வேண்டும். கேக்கும் பலூனும் அந்த வகை இல்லை. அதேநேரம், எழுத்துக்குள்ளும் வடிவத்துக்குள்ளும் ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்களே, ரிக் ராபர்ட்ஸும் மரியா தாமஸும் மூன்றரை அங்குலச் சதுரத் தாளில் வரையச் சொல்லிக் கொடுத்த சென்டேங்கிள் மாதிரி, அதற்கு உங்கள் சொல் அப்படியே பொருந்துகிறது. கையேட்டில் பெரிய ‘அ’வுக்குள்ளும் வயது எண்ணுக்குள்ளும் கோலம் நிரப்பும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பு ‘தாள்கோலம்’ என்றே இருக்கட்டும்.

உதிரிச் சொற்கள் பலவற்றுக்கு அதிகம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வரிசையாகத் தொங்கும் முக்கோணக் கொடிகள் நம் ஊர்க் கொடித்தோரணம்தான். தொய்ந்த கோடு ஒன்று போட்டு அதிலிருந்து முக்கோணங்களைத் தொங்கவிட்டால் முடிந்தது. கோட்டை நேராக இழுத்துவிட்டால் மட்டும் ரம்பம் மாதிரி ஆகிவிடும். மேலிருந்து கொட்டும் மினுமினுத் துண்டுகளை ஜிகினாத் தூவல் என்று எழுதியிருக்கிறேன். பரிசுப் பெட்டியின் மேல் கட்டும் முடிச்சுக்கு, பெண்பிள்ளைகளின் சடையில் கட்டுவதற்குச் சொல்லும் ரிப்பன் பூ. கப்கேக் மட்டும் கப்கேக்காகவே இருக்கட்டும். குவளையப்பம் என்று வந்த பரிந்துரையின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அப்பம் என்றதும் கண்ணுக்கு வேறு பண்டம் வந்து நிற்கிறது.

ஒரு பொருளை இன்ன வரிசையில் இன்ன கோடுகள் என்று பிரித்துக் காட்டும் படத்துக்கு இன்னும் பெயர் அமையவில்லை. ‘படிவரை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘வரை’ என்பதை மலை என்றோ எல்லை என்றோ படித்துவிடுவார்களோ என்பது ஒருபக்கம், படிவம் என்ற சொல்லோடு குழம்புமோ என்பது இன்னொரு பக்கம். ‘படிப்படம்’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுக்குகிறது. இதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். கைப்போக்கு, குட்டிப்படம் இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள்; பக்க வடிவமைப்புக்கு அனுப்புவதற்குள் மாற்ற நேரம் இருக்கிறது.

அன்புடன்