மூன்றாவது டிஸ்க் எது? சர்வரில் ரெய்டு அரே விழுந்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:

ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன யூனிட். லினக்ஸ் சர்வர், நாலு டிஸ்க், ரெய்டு 5, அதாவது நாலையும் ஒரே அரேயாகச் சேர்த்து வைப்பது, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும். எல்லாம் லினக்ஸின் ரெய்டு புரோகிராமான எம்டிஆடம் தான். டிஸ்க் பெயர்கள் மேலிருந்து எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி. எஸ்டிசி எப்போதோ விழுந்துவிட்டது, யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அலர்ட் மெயில் வேலையை விட்டுப் போன ஆளுடைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. தெரிந்ததும் எனக்குச் சொன்னார்கள். நான் காட்பாடியில் பஸ் ஏறுவதற்குள், சர்வரை விற்ற கடையிலிருந்து யாரோ போனில் "மூன்றாவது டிஸ்க்கைக் கழற்றி புதுசு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கழற்றப் போன எலக்ட்ரீஷியன் அண்ணன் கீழேயிருந்து எண்ணியிருக்கிறார். கையில் வந்தது எஸ்டிபி.

நான் போய் அரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் பார்க்கிறேன், ஓடும் டிஸ்க்குக்கு யு, இல்லாததற்குக் கீழ்க்கோடு, நாலு யு இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் இரண்டு யு, நடுவில் இரண்டு கீழ்க்கோடு. கணக்கு பார்க்கும் அம்மா "நாளைக்கு கன்டெய்னர் போகணும் சார், இன்வாய்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு" என்கிறார். அந்த அண்ணன் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "சார், இது ஓடிட்டிருந்த டிஸ்க்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவர் மேல் என்ன தப்பு? மேலிருந்தா கீழிருந்தா என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

கடைக்காரர்கள் அப்போதும் லைனில் இருந்து "திரும்ப மாட்டி ஆட் கொடுங்க" என்கிறார்கள். ஆட் கொடுத்தால் அது புது உபரி டிஸ்க் போல ஸ்பேராக உள்ளே போகலாம், அந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்ற விவரம் அழிந்துவிடலாம். நான் விடவில்லை. அரேயை ஸ்டாப் செய்து, நாலு டிஸ்க்குக்கும் அதிலுள்ள ரெய்டு விவரத்தைக் காட்டும் எக்ஸாமின் போட்டு, அரே மாறும்போதெல்லாம் ஏறும் ஈவென்ட் எண்ணைப் பார்த்தேன். இரண்டில் ஒரே எண், கழற்றிய எஸ்டிபியில் அதைவிட நாலைந்துதான் குறைவு, எஸ்டிசியில் ஆயிரக்கணக்கில் பின்தங்கியிருந்தது. பழைய எஸ்டிசியை வெளியே வைத்துவிட்டு மற்ற மூன்றை மட்டும், எண் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத ஃபோர்ஸ் கொடுத்து அசெம்பிள் செய்தேன், அதாவது மறுபடி அரேயாகச் சேர்த்தேன், ரீட் ஒன்லியாக மவுன்ட் ஆனது. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்தோம், அப்புறம்தான் புது டிஸ்க்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஜங்ஷன் பக்கத்து வீடு:

நண்பரே, நல்லபடி முடிந்தது சந்தோஷம். ஆனால் ஃபோர்ஸை நேராக ஒரிஜினல் டிஸ்க்குகள் மேலேயே போட்டீர்களா? அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபோர்ஸ், டிஸ்க்கில் அரே விவரம் இருக்கும் சூப்பர்பிளாக்கில் எழுதும். ஒவ்வொரு டிஸ்க் மேலும் டிஎம்செட்டப் ஸ்னாப்ஷாட் வைத்து ஓவர்லே போட்டிருந்தால், படிப்பது டிஸ்க்கிலிருந்து வரும், எழுதுவதெல்லாம் தனி ஃபைலுக்குப் போகும், தப்பானால் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். எனக்கு வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு ஸ்டுடியோவில் இதே நிலைமை வந்தது, கல்யாண வீடியோக்கள். மூன்றாவது முறை கொடுத்த காம்பினேஷனில்தான் பைல் சிஸ்டம் சரியாக வந்தது, முதல் இரண்டும் ஒரிஜினல் மேல் நடந்திருந்தால் அந்த மணமக்களுக்கு என்ன பதில் சொல்வது.

இன்னொன்று. இன்றைய பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 வைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒன்று விழுந்து, புது டிஸ்க்கை நிரப்பும் ரீபில்ட் ஓடும்போது மிச்சமுள்ள எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும், அந்த நேரத்தில் இன்னொன்றில் ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு, படிக்க வராவிட்டால் தாங்க வேறு டிஸ்க் இல்லை. ரெய்டு 6 போடுங்கள், இரண்டு போனாலும் தாங்கும்.

ஆரணிப் பட்டு:

எங்கள் ஊரில் ஜக்கார்டு டிசைன் போடும் இடம். டிஸ்க்கில் பழுதே இல்லாமல் அரேயிலிருந்து தூக்கி எறியப்பட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு ரீட், பதில் இல்லை, முப்பது வினாடி, லிங்க் ரீசெட், மறுபடி அதே, கடைசியில் டிஸ்க் அவுட். ஒரே ஒரு செக்டர்தான் கெட்டிருந்தது. கர்னல் 30 வினாடிதான் காத்திருக்கும், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கோ கெட்ட செக்டரை ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட முயன்று பார்க்கும். பதில் வராததால் முழு டிஸ்க்குமே செத்ததாக முடிவாகிவிடுகிறது. டிஸ்க் செட்டிங் மாற்றும் ஸ்மார்ட்கன்ட்ரோலில், முயலும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்சிடிஇஆர்சிக்கு 70,70 (பத்தில் ஒரு வினாடிக் கணக்கு) கொடுத்தால் 7 வினாடியில் டிஸ்க் தானாக எரர் சொல்லிவிடும், லினக்ஸின் ரெய்டு பகுதியான எம்டி அந்த செக்டரை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு திரும்ப எழுதிக்கொள்ளும். பவர் போய் வந்தால் இந்த செட்டிங் பல டிஸ்க்கில் மறைந்துவிடும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் வையுங்கள். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கர்னல் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள்.

சத்துவாச்சாரி ராத்திரி ஷிப்ட்:

குடியாத்தத்தில் ஒரு அச்சகத்தில் ரீபூட் ஆனதும் எம்டி0 என்ற அரே காணவில்லை, எம்டி127 என்று வந்து நின்றது. எம்டிஆடமின் கான்ஃப் ஃபைலில் அரே வரி இல்லை, அவ்வளவுதான், ஸ்கேன் போட்டு வரியைச் சேர்த்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் அப்டேட் செய்ததும் சரியானது.

ஆனால் மேலே படித்ததும் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே நம்பாதீர்கள், பூட்டுக்குப் பூட்டு மாறும். சீரியல் நம்பரை லேபிளில் எழுதி ஒவ்வொரு ட்ரேயின் முன்பக்கமும் ஒட்டுங்கள், ஆம்பூர் அண்ணனிடம் "கடைசி நாலு எழுத்து இது உள்ள டிஸ்க்கைக் கழற்றுங்க" என்று சொல்லியிருந்தால் கீழே மேலே என்ற பேச்சே வந்திருக்காது. எக்ஸாமின் வெளியீட்டை நல்லா இருக்கும்போதே எடுத்து பிரின்ட் போட்டு சர்வர் பக்கத்தில் வையுங்கள், டிஸ்க் வரிசை, சங்க் சைஸ் (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவை எழுதும் துண்டின் அளவு), டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்) எல்லாம் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் செக் ஓடுகிறதா பாருங்கள், டெபியன் லினக்ஸில் முதல் ஞாயிறு பிறந்ததும், நள்ளிரவு தாண்டி, தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள், நிறைய பேர் ஆபீஸ் மெதுவாகிறது என்று அதை நிறுத்திவிடுகிறார்கள், அது கெட்ட செக்டரை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் நல்ல வழி. எங்கே எழுதியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் போடுங்கள், கரண்ட் போய் வந்தால் முழு டிஸ்க்கையும் ரீசிங்க் செய்யாமல் மாறின பகுதியை மட்டும் செய்யும், நம் ஊர் கத்திரி வெயில் கரண்ட் கட்டுக்கு இது ரொம்ப முக்கியம். மானிட்டரில் இரண்டு பேருக்கும் போகும் ஒரு பொது மெயில் முகவரியை வையுங்கள், டெஸ்ட் ஆப்ஷன் கொடுத்து மெயில் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, என்ன ஆனாலும் அரேயைப் புதிதாக உண்டாக்கும் கிரியேட் மட்டும் அடிக்காதீர்கள். இணையத்தில் யாராவது கிரியேட், அஸ்யூம் கிளீன் (ரீசிங்க் செய்யாதே என்பது) என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

வாலாஜா ரோடு:

ஷிப்ட் தம்பி, எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூப்பர்பிளாக்கே அழிந்துபோனால் அசெம்பிளுக்குப் படிக்க ஒன்றுமே இல்லை. அப்போது எம்டிஆடமில் கிரியேட் தான் வழி.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு யூனிட், வேறு யாரோ எல்லா டிஸ்க்கிலும் சீரோ சூப்பர்பிளாக் அடித்துவிட்டார்கள். நாலு டிஸ்க், 24 வரிசை சாத்தியம். ஓவர்லே மேல் ஒவ்வொன்றாக கிரியேட், அஸ்யூம் கிளீன் கொடுத்துப் பார்த்தேன், எதுவுமே மவுன்ட் ஆகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அரே எம்டிஆடமின் பழைய வெர்ஷனில் செய்தது, அப்போது டிஃபால்ட் சங்க் 64கே, 3.1லிருந்து 512கே. டேட்டா ஆஃப்செட்டும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியிருக்கிறது. பழைய பூட் லாக் ஒன்றில் வெர்ஷன் தெரிந்தது, அதே வெர்ஷனை ஒரு பழைய லைவ் சிடியில் பூட் செய்து மறுபடி ஓட்டினேன். ஒரு வரிசையில் எக்ஸ்ட்4 பைல் சிஸ்டம் மவுன்ட் ஆகி ஃபோல்டர் பெயர்கள் தமிழில் வரிசையாக வந்து விழுந்ததும் அந்த மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓவர்லே இல்லாமல் அடிக்காதே என்று சொல்லுங்கள், அதை ஏற்கிறேன். அடிக்கவே அடிக்காதே என்று சொல்லாதீர்கள்.

சத்துவாச்சாரி ராத்திரி ஷிப்ட்:

ஓவர்லே மேல் என்றால் சரிதான் அண்ணா. நான் சொன்னது ராத்திரி நேரத்தில் பதட்டத்தில் நேராக டிஸ்க் மேல் அடிக்கிறவர்களுக்கு.

ஆற்காடு பஸ் ஸ்டாண்ட்:

ஜங்ஷன் சார் ரெய்டு 6 என்கிறார், நானும் அதை நம்பித்தான் ஒரு கிளினிக்கில் நாலு டிஸ்க் ரெய்டு 5ஐ ஒரு டிஸ்க் சேர்த்து 6 ஆக்க, அரேயை மாற்றியமைக்கும் குரோ கொடுத்தேன். மாறிக்கொண்டிருக்கும் பகுதியைக் காக்கும் பேக்கப் ஃபைல் அரேக்கு வெளியே, பூட் டிஸ்க்கில். அந்த மாற்றம், அதாவது ரீஷேப், பாதி தாண்டி ஓடும்போது கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, மிஷின் அணைந்துவிட்டது. திரும்ப வந்ததும் திரையில், கிரிட்டிக்கல் செக்ஷனை (மாறிக்கொண்டிருந்த பகுதியை) ரீஸ்டோர் செய்ய முடியவில்லை, சாரி, என்று ஒரு வரி. டாக்டர் பின்னால் நிற்கிறார். அந்தக் கடைசி "சாரி"யைப் பார்த்ததும் எனக்குக் கை உதறியது.

பூட் ஆகும்போது ஓடும் அசெம்பிளுக்கு பேக்கப் ஃபைல் எங்கே என்று தெரியாது, அதனால்தான் அப்படிச் சொல்கிறது. ரீஷேப் எந்த இடத்தில் நின்றது என்பது சூப்பர்பிளாக்கில் இருந்தது. கையால் அசெம்பிள் கொடுத்து, அதே பேக்கப் ஃபைல் பாதையைச் சேர்த்துக் கொடுத்தேன், எம்டிஸ்டாட்டில் ரீஷேப் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.